பிரேக் இன்ஸ்பெக்டருக்கு முன்னால ஒரு டப்பா வண்டி

பழைய வண்டிக்கு எஃப்.சி. எடுத்துக் குடுக்கறதுங்கிறது, அடுத்தவன் புள்ளைக்குப் பதிலா நாம போய்ப் பரீட்சை எழுதற பொழப்புங்க. பாஸானா "என்ற வண்டி அப்படி"ன்னு ஓனர் மீசையை முறுக்குவாரு. பெயிலானா "இவனுக்கு ஓட்டத் தெரியலை"ம்பாரு. வாடகைக்கு ஓடற பழைய வண்டியை வருசத்துக்கு ஒருக்கா மைதானத்துல கொண்டு போய் நிறுத்தி, இது ரோட்டுல ஓடறதுக்கு லாயக்குன்னு ஒரு காகிதம் வாங்கோணும். அந்தக் காகிதம்தான் எஃப்.சி. அதைக் குடுக்கறவருக்கு ஆபீஸ்ல வேற பேரு இருக்குது, ஆனா திருப்பூர்ல யாரைக் கேட்டாலும் பிரேக் இன்ஸ்பெக்டர்னுதான் சொல்லுவாங்க. அவரு முன்னால ஸ்டீரிங்கைப் புடிச்சு உக்கார்றதுக்கு ஓனருங்களுக்குக் கை நடுங்கும். அதனால பட்டறை வெச்சிருக்கற என்னைக் கூப்புடுவாங்க. எனக்கும் நடுங்கும், வெளிய காட்டிக்க மாட்டேன்.

பழைய வண்டி வெச்சிருக்கிற பாவப்பட்ட சனங்களே, இது உங்களுக்காகச் சொல்றது. புது வண்டிக்காரங்க அக்கட்டால போயிருங்க, உங்களுக்கு இது புரியாது.

முட்டிதான் பம்பர்

என்ற கைக்கு வர்றதுல முக்காவாசி ஒரே ரகம். முன்னால மூக்கே இல்லாம, தீப்பெட்டிக்குச் சக்கரம் மாட்டுன மாதிரி ஒரு சின்ன வேன் இருக்குமில்லீங்க, டிரைவரோட சேத்து எட்டுப் பேர் உக்கார்ற வண்டி, அதுதான். டப்பா வண்டின்னு பேரு. கம்பெனிக்கு ஆள் ஏத்தறதும் அதுல, பண்டல் ஏத்தறதும் அதுல. இன்ஜின் நம்ம சீட்டுக்கு அடியில கெடக்கும். முன்னால ஒண்ணும் கெடையாது. மோதுச்சுன்னா மொதல்ல நம்ம முட்டிதான் போய் மோதும்.

இது எதுல எதுல பெயிலாகும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். தரைத் தகடு துருப்புடிச்சு ஓட்டையாகும். சைடுல தள்ளற கதவு இழுத்தா வராது, வந்தா நிக்காது. ஹேண்ட் பிரேக்கை முகட்டு வரைக்கும் இழுத்தாலும் வண்டி பாட்டுக்கு உருளும். பிரேக் அடிச்சா ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகும். ஸ்டீரிங்கைக் கால் சுத்து சுத்துன பொறவுதான் சக்கரத்துக்குச் சேதியே போய்ச் சேரும். இத்தனையும் சரி பண்ணிட்டு நெஞ்சை நிமித்திட்டுப் போனா, ஹாரன் அடிக்காது.

காதர்பேட்டையில மொத்த வியாபாரம் பண்ற பாய் ஒருத்தரு இதே வண்டியைக் குடுத்துவிட்டாரு. மைதானத்துல இன்ஸ்பெக்டர் கதவைத் தொறந்து பாக்கறாரு, உள்ள ஒரு சீட்டு இல்லை. பனியன் பண்டல் அடுக்கறதுக்கு எப்பவோ களட்டி வெச்சிருக்கறாரு, எங்கிட்ட மூச்சு விடலை. கோவம் தலைக்கேறிப் போச்சு. போனைப் போட்டு, "ஏனுங்க பாய், ஆள் உக்கார்ற வண்டின்னு எழுதியிருக்குது, சீட்டைக் காணமே?"ன்னு கத்துனேன். அவரு நிதானமாச் சொன்னாரு: "பண்டல் மேல ஒருதரம் உக்காந்து பாருங்க, அப்பறம் சீட்டே கேக்க மாட்டீங்க."

பன்னெண்டு நாள்

சிரிச்சாச்சில்லீங்க? இனி சொல்லப் போறது அப்படி இல்லை.

பேச்சியம்மா வந்தது ஒரு திங்கக்கிழமை. சங்கரன்கோவில் பக்கமிருந்து பொழைக்க வந்த அம்மிணி. பதினோரு வருசம் ஒரே பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. தெச்சு வர்ற துணியில ஓட்டை, கறை, தையல் உட்டுப் போனது எல்லாத்தையும் கண்ணுல பாத்து ஒதுக்கறது. இந்த வருசம் அந்த வேலையை உட்டுட்டு, வெள்ளகோவில்ல ஒருத்தர்கிட்ட டப்பா வண்டி ஒண்ணை வாங்கி, தானே லைசன்ஸ் எடுத்து, மங்கலத்துல இருந்து ஏழு பொம்பளைங்களை அதே கம்பெனிக்கு ஏத்திட்டுப் போயிட்டு வந்துட்டு இருந்துச்சு. பழைய ஓனர் எடுத்த எஃப்.சி. அடுத்த வாரம் வியாழக்கிழமையோட முடியுது.

அதுக்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு ஆடிட். ஆடிட்டுன்னா என்னன்னு எங்கூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணி வாங்கற வெளிநாட்டுக்காரன் ஆளை அனுப்பி, பாத்ரூம்ல சோப்பு இருக்குதான்னு பாக்கறதுல இருந்து, ஆள் ஏத்தற வண்டிக்குக் காகிதம் இருக்குதான்னு வரைக்கும் நோண்டுவான். காகிதம் இல்லாத வண்டி அன்னைக்குக் கேட்டைத் தாண்டக் கூடாது, தாண்டலைன்னா ரூட்டைப் பெரிய பஸ்காரருக்குக் குடுத்துருவோம்னு மேனேஜர் சொல்லிட்டாராம். பெரிய பஸ் இவங்க இருக்கற சந்துக்குள்ள வராது. புள்ளைகளுக்குச் சோறு கட்டிக் குடுத்துட்டு விடியால ரெண்டு மைல் நடந்து மெயின் ரோட்டுக்கு வர முடியாதவங்கதான் அந்த ஏழு பேரும்.

நான் என்ற வழக்கப்படி, "பாத்துக்கலாம் அம்மிணி, பயப்படாதீங்க"ன்னேன். அந்தம்மா சிரிக்கலை. சாவியை என்ற உள்ளங்கையில வெச்சு விரலை மடக்கிவிட்டுட்டுச் சொல்லுச்சு: "அண்ணாச்சி, அடுத்த வெள்ளிக்கெழம இந்த வண்டி கேட்டுக்குள்ள போவலன்னா ஏழு பேரு பொழப்பும் போச்சு, என் பொழப்பும் போச்சு, அதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க."

ஓட்டைய அடைச்ச துணி

பழைய வண்டி வாங்கறவங்க கவனிங்க. மேல பளபளன்னு இருந்தா கீழ படுத்துப் பாக்கோணும். நான் படுத்தேன். ரெண்டாவது சீட்டுக்கு அடியில, ரப்பர் விரிப்பைத் தூக்குனா, பெயிண்டு மட்டும் புதுசா மின்னுச்சு. திருப்புளியை வெச்சு லேசா ஒரு குத்து. திருப்புளி கைப்புடி வரைக்கும் உள்ள போயிருச்சு.

அடப்பாவி! வித்தவன் தரைத் தகட்டுல இருந்த ஓட்டைக்குப் பனியன் வேஸ்ட்டைத் திணிச்சு, மேல பட்டி பூசி, பெயிண்டும் அடிச்சு வெச்சிருக்கறான். எங்கூர்ல எதுக்குங்க பனியன் வேஸ்ட் ஆகாது? கை தொடைக்க, கண்ணாடி தொடைக்க, குழாயில தண்ணி சொட்டுனா சுத்த, எல்லாத்துக்கும் அதேதான். ஆனா வண்டித் தரையில திணிச்சா மழைத் தண்ணியைக் குடிச்சுட்டு அங்கயே உக்காந்து, மிச்சமிருக்கற தகட்டையும் தின்னு போடும். பிடுங்கி எடுத்தேன், வந்துட்டே இருந்துச்சு. கடைசியில மூணு பேர் கால் வெக்கற எடத்துல தரையைக் காணோம், ரோடு தெரியுது. அந்த எடத்துல காலை வெச்சுட்டுத்தான் அத்தனை மாசமும் அந்தப் பொம்பளைங்க போயிட்டு வந்திருக்கறாங்க.

நான் திட்டிட்டு இருக்கறேன், பேச்சியம்மா குமிஞ்சு அந்தத் துணியில ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துல புடிச்சு, திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. ஆரஞ்சுக் கலரு. ரெண்டு கையிலயும் இழுத்து விரிச்சுது. அப்பறம் என்னையப் பாத்த பார்வை இருக்குதே, வித்தவன் எதிர்ல இருந்திருந்தா எரிஞ்சிருப்பான். "அண்ணாச்சி, இது எங்க கம்பெனி துணிதான், ஓட்டை இருக்குன்னு நானே ரிஜெக்ட் பண்ணி வேஸ்ட்டுல போட்டது, அத வச்சா எனக்கு ஓட்டைய அடைச்சு வித்திருக்கான்?"

டெஸ்டு டயர்

இதைச் சொல்றதுக்கு வெக்கமாத்தான் இருக்குது, இருந்தாலும் சொல்லிப் போடறேன். எங்க தொழில்ல டெஸ்டு டயர்னு ஒண்ணு உண்டு. நல்ல டயரா நாலு, ஒரு தீயணைக்கற சிலிண்டர், ஒரு முதலுதவி டப்பா, இதெல்லாம் என்ற பட்டறையில எப்பவும் தயாரா இருக்கும். டெஸ்டு அன்னைக்குக் காலைல மாட்டி உடுவோம். பாஸாயிட்டு வந்ததும் களட்டிட்டு, வழுக்கையாப் போன பழைய டயரையே மாட்டி அனுப்பிருவோம். ஒரே செட்டு டயரு ஒரே மாசத்துல பத்து வண்டிக்குப் பரீட்சை எழுதியிருக்குது. எல்லாரும் பண்றாங்கன்னு நானும் பண்ணேன். தப்புன்னு தெரியும், ஆனா யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

தகட்டை வெட்டியெடுத்துப் புதுசா வெல்டிங் வெச்சு முடிச்சாச்சு. இந்த வண்டியோட டயரும் வழுக்கைதான். நம்ம அம்மிணிக்கு உதவி பண்றதா நெனைச்சுட்டு, "டயரைப் பத்திக் கவலைப்படாதீங்க, டெஸ்டுக்கு என்றதை மாட்டிக்கலாம், வந்ததும் குடுத்துருங்க"ன்னு பெருமையாச் சொன்னேன். பேச்சியம்மா போயி, எங்க எப்படிப் புரட்டுச்சோ தெரியாது, மறுநாளே நாலு டயரோட வந்து எறங்குச்சு. எறக்கி வெச்சுட்டுச் சொல்லுச்சு: "அந்த ஆபீசரு ஒரு ரவுண்டு போறதுக்கு நல்ல டயரு, நாங்க வருசம் பூரா போறதுக்கு மொட்ட டயராண்ணாச்சி?"

என்ற செட்டு டயரை அன்னைக்கே வித்துப் போட்டேன்னு சொல்ல ஆசைதான். வித்தது அடுத்த மாசம்.

உள்ள இருந்து தொறக்காத கதவு

மைதானத்துல டெஸ்டு வைக்கறது வாரத்துல ரெண்டே நாளு, செவ்வாயும் வியாழனும். மொத வியாழக்கிழமை கொண்டு போனேன். எங்க இன்ஸ்பெக்டர் அதிகம் பேச மாட்டாரு. மனுசன் நேர்மையானவரு, அதனாலதான் எனக்குப் பயம். தரையில ஏறிக் குதிச்சுப் பாத்தாரு, சரி. விளக்கு, ஹாரன், வைப்பர், சரி. அப்பறம் உள்ள ஏறி உக்காந்து கதவைச் சாத்தச் சொன்னாரு. சாத்துனேன். உள்ள இருந்து அவரு தள்றாரு, வரலை. மறுபடியும் தள்றாரு, கீச்சு கீச்சுன்னு சத்தம்தான் வருது, கதவு வரலை. வெளிய இருந்து நான் இழுக்கறேன், அவரு தள்றாரு. ரெண்டு பேருமாச் சேந்து தொறக்கறதுக்குள்ள எனக்குச் சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. பொறவு பிரேக் பாத்தாரு, எடது பக்கமா இழுத்துச்சு. ஹேண்ட் பிரேக் புடிக்கவே இல்லை. பெயில்னு எழுதிட்டு அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு: "நல்லா இருக்கறப்பவே நானே வெளிய வர முடியலைங்க, வண்டி கவுந்துச்சுன்னா ஏழு பொம்பளைங்க எப்படிங்க வருவாங்க?"

பேசற மெஷின்

பேச்சியம்மா வீட்டுக்காரர் முருகேசன் அப்பத்தான் என்ற பட்டறைக்கு வந்தாரு. அவரும் பனியன் கம்பெனிதான், தையல் மெஷின் மெக்கானிக். ஓவர்லாக், பேட்லாக்னு எந்த ரகத் தையல் மெஷின்னாலும் அவரு கை பட்டா ஓடும். மேல்பாக்கெட்டுல பேனா இருக்கற எடத்துல நீளமா மூக்கு வெச்ச எண்ணெய்க் குப்பி இருக்கும். சாதுவான மனுசன், கேட்டாத்தான் பேசுவாரு.

கதவு ஓடற ரோலரை அவரு களட்டிக் காட்டுனப்ப எனக்கே ஆச்சரியமாப் போச்சு. ரோலரு பூரா நூலு! கம்பெனியில இருந்து ஏறற பொம்பளைங்க சேலையில, துப்பட்டாவுல ஒட்டிட்டு வர்ற துண்டு நூலெல்லாம் கதவுத் தண்டவாளத்துல விழுந்து, ரோலர்ல சுத்திச் சுத்தி, கதவே நகர முடியாமப் புடிச்சுருச்சு. நான் அத்தனை நாளும் ரோலர் தேஞ்சு போச்சுன்னு நெனைச்சுட்டு இருந்தேன். முருகேசன் நூல் வெட்டற சின்னக் கத்திரியை வெச்சு ஒவ்வொண்ணா நறுக்கி எடுத்துட்டு, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டாரு. ஒரே விரல்ல தள்ளுனேன், கதவு வெண்ணெய் மாதிரி ஓடுச்சு.

எனக்குச் சந்தோசம் தாங்கலை. முதுகுல தட்டிக் குடுத்து, "அப்படிப் போடுங்க முருகேசா! எங்க கீச்சுன்னு சத்தம் கேட்டாலும் ரெண்டு சொட்டு விட்டுருங்க, இன்ஸ்பெக்டருக்குச் சத்தம்னாலே ஆகாது"ன்னேன். பெரிய மேதாவியாட்டப் பேசிட்டு டீ வாங்கியாரப் போயிட்டேன். போறப்ப முருகேசன் தலையாட்டிட்டுச் சொன்னாரு: "ஆமா அண்ணாச்சி, மெஷின் சத்தம் போட்டாலே எண்ணெய் கேக்குதுன்னுதான் அர்த்தம்."

வெள்ளைக் கோட்டைத் தாண்டி

ஞாயித்துக்கிழமை நாலு சக்கரத்துக்கும் புது பிரேக் கட்டை போட்டேன். ஹேண்ட் பிரேக்குக்குப் புதுக் கேபிள். நானே மங்கலம் ரோட்டுல ஓட்டிப் பாத்தேன், அடிச்ச எடத்துல நின்னுச்சு. புதுக் கட்டைங்கிறதால மெதுவாப் போறப்ப மட்டும் கீச்சுன்னு ஒரு சத்தம். அது நாலு நாள்ல தானா அடங்கும், ஒண்ணும் பண்ண வேண்டியதில்லை. இதை நான் யாருகிட்டயும் சொல்லலை. எனக்குத் தெரிஞ்சது ஊருக்கே தெரியும்னு ஒரு நெனப்பு.

செவ்வாய்க்கிழமை காலைல புருசனும் பொண்டாட்டியும் எங்கூட வந்தாங்க. எங்களுக்கு முன்னால பத்து வண்டி. வரிசை நகர நகர பேச்சியம்மா வண்டியை நகர்த்திட்டு இருந்துச்சு, நான் ஜன்னல்ல காகிதம் குடுக்கப் போயிட்டேன். ஒவ்வொரு தரம் நிறுத்தறப்பவும் கீச்சு, கீச்சு. அங்க நின்னுட்டு இருந்த டிரைவருங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்களாம். நான் திரும்பி வந்தப்ப முருகேசன் முட்டியில ஒட்டுன மண்ணைத் தட்டிட்டு நின்னாரு. எதுக்கு மண்ணுன்னு கேக்கத் தோணலை. எங்க முறை வந்துருச்சு, ஏறி உக்காந்தேன்.

பிரேக் டெஸ்டுன்னா, மைதானத்து மூலையில இருந்து வேகமா வந்து, வெள்ளைக் கோட்டுல அடிச்சு நிறுத்தோணும். கோட்டுக்குப் பக்கத்துல இன்ஸ்பெக்டர். கோட்டுக்கு அந்தப் பக்கம் காத்துட்டு இருக்கற வண்டிங்க, ஓனருங்க, அவங்களுக்கு நடுவுல பேச்சியம்மா. நான் நாப்பதுல வந்தேன். கோடு வந்துச்சு. அடிச்சேன்.

பெடலு கல்லாட்ட நின்னுச்சு. வண்டி நிக்கலை. மறுபடியும் ஏறி மிதிச்சேன், சத்தமே இல்லாம அது பாட்டுக்கு வழுக்கிட்டுப் போகுது. இன்ஸ்பெக்டர் மூஞ்சி ஜன்னல்ல வந்துச்சு, போச்சு. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அதுவும் இல்லை. நேர் எதிர்ல பேச்சியம்மா ரெண்டு கையையும் விரிச்சு நிக்குது, பக்கத்துல இருக்கறவங்களைத் தள்ளுதா, வண்டியைத் தடுக்குதா ஒண்ணும் புரியலை. சாமி, இன்னைக்கு என்ற கையால ஒரு உசுரு போகப் போகுதுன்னே முடிவு பண்ணிட்டேன். கியரை இழுத்து ஒண்ணுல போட்டேன், வண்டி முனகிட்டுக் குலுங்குச்சு, ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒடிச்சேன். இந்த வண்டி ஸ்டீரிங்கு கால் சுத்து லேட்டுன்னு சொன்னனில்லீங்க? அந்தக் கால் சுத்து எனக்கு ஒரு வருசமாட்ட இருந்துச்சு. அப்பறம் திரும்புச்சு. கட்டடம் கட்டறதுக்குக் கொட்டி வெச்சிருந்த மணல் குமியில ஏறி, மூஞ்சியைப் பொதைச்சுட்டு நின்னுச்சு.

என்ற முட்டி ரெண்டும் மணலுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம். இன்ஸ்பெக்டர் ஓடி வந்து கதவைத் தொறந்து எனக்கு அடி பட்டிருக்குதான்னு மொதல்ல பாத்தாரு. இல்லைன்னு தெரிஞ்ச பொறவுதான் கேட்டாரு: "ஏனுங்க, எத்தனை வருசமா எஃப்.சி.க்கு வர்றீங்க, பிரேக் இல்லாத வண்டியையா எங்கிட்டக் கொண்டாருவீங்க?"

மணல் குமிக்குப் பக்கத்துல

வண்டியைக் கவுறு கட்டிப் பின்னால இழுத்து, ஓரமா நிறுத்திச் சக்கரத்தைக் களட்டுனேன். பிரேக் கட்டை உரசற டிரம்மு பூரா எண்ணெய். பிரேக் ஆயில் கசிஞ்சிருக்கும்னு மோந்து பாத்தேன், அது இல்லை. வாசனையே இல்லாம, தண்ணியாட்டத் தெளிவா இருந்துச்சு. ரெண்டாவது சக்கரத்துலயும் அதே. நாலுலயும் அதே. தையல் மெஷினுக்கு விடற வெள்ளை எண்ணெய்ங்க. கட்டையை டைட் வெக்கறதுக்கு டிரம்முக்குப் பின்னால ரப்பர் மூடி போட்டு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். நீள மூக்குக் குப்பி அதுக்குன்னே செஞ்ச மாதிரி சிக்குன்னு போகும்.

நிமிந்து முருகேசனைப் பாத்தேன். மனுசன் பாக்கெட்டைப் பொத்திட்டு நின்னாரு. "கீச்சுன்னு கேட்டுச்சு"ன்னாரு. ஒரு சக்கரத்துக்கு மட்டும் விட்டாச் சரியிருக்காதுன்னு நாலுக்கும் விட்டிருக்கறாரு, அத்தனை அக்கறை. பேச்சியம்மா புடிச்சுக்கிச்சு. "கூறுகெட்ட மனுசா, நீ தொட்டதெல்லாம் தையல் மெஷினா? ஏழு பேரு ஏறுத வண்டிய்யா இது! நாளைக்கு என் மூஞ்சிய அவளுவகிட்ட எப்பிடிக் காட்டுவேன்?" கூட்டம் கூடிருச்சு. ஆளாளுக்குச் சிரிக்கறாங்க. அந்த மனுசன் குமிஞ்ச தலையைத் தூக்கலை.

சத்தம் வந்தா எண்ணெய் விடுங்கன்னு முதுகுல தட்டிச் சொன்னது யாரு? நான்தான். அது முருகேசனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மூணாவது ஆளுக்குத் தெரியாது. அவரு வாயைத் தொறந்து என்னைக் கைகாட்டியிருக்கலாம், காட்டலை. பொத்திட்டு இருந்தா என்ற பேரு தப்பிச்சிருக்கும். இருக்கலாம்னும் நெனைச்சேன், பொய் சொல்ல மாட்டேன். ஒரு போல்ட்டு மாட்டற நேரம் வரைக்கும் நெனைச்சேன். அப்பறம் அந்த மனுசன் பொண்டாட்டி முன்னால நின்ன நிலையைப் பாக்க முடியலை. "அம்மிணி, அவரைத் திட்டாதீங்க. எங்க கீச்சுன்னாலும் எண்ணெய் விடுங்கன்னு நான்தான் சொன்னேன். பிரேக்குல மட்டும் விடக் கூடாதுன்னு சொல்லாம உட்டது நான்தான்"னு கூட்டத்துக்கு முன்னாலயே சொன்னேன்.

சிரிப்பு நின்னு போச்சு. பேச்சியம்மா என்னையும் பாத்துச்சு, புருசனையும் பாத்துச்சு. கையை நீட்டி அவரு பாக்கெட்டுல இருந்த எண்ணெய்க் குப்பியை உருவி இடுப்புல சொருகிக்கிச்சு. "ஒருத்தருக்கு வாயி, ஒருத்தருக்குக் கையி, ரெண்டு பேருமாச் சேந்து வியாழக்கெழமைக்குள்ள இத நிக்க வச்சுக் குடுங்க."

செக்கிங்

பழைய வண்டிக்காரங்களே, எண்ணெய் குடிச்ச பிரேக் கட்டை கழுவுனாலும் ஆகாது, மாத்தித்தான் ஆகோணும். இந்த வண்டிக்கு நாலு சக்கரக் கட்டையும் ஒரே கடையில கெடைக்கறது குதிரைக் கொம்பு. புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் நானும் முருகேசனும் அலைஞ்சு மூணு சக்கரத்துக்குச் சேத்துட்டோம், நாலாவது இல்லை. வியாழன் போச்சுன்னா காகிதம் முடிஞ்சுது, வெள்ளி ஆடிட்டு. கடைசியில மங்கலத்துல ஒரு பழைய ஸ்பேர் கடையில, மூட்டைக்கு அடியில, பெட்டி பிரிக்காம ஒரு செட்டு கெடைச்சுது. முருகேசன் அதை நெஞ்சோட அணைச்சுட்டு வந்தாரு.

மாட்டி முடிச்சு, "ஆச்சு அம்மிணி"ன்னேன். பேச்சியம்மா நம்பலை. அன்னைக்கும் ஏழு பொம்பளைங்களையும் ஷேர் ஆட்டோவுல ஏத்தி அனுப்பிச்சுட்டு வந்திருக்குது. எங்க ரெண்டு பேரையும் பின்னால, புதுத் தகடு வெச்ச எடத்துலயே உக்காரச் சொல்லிட்டு, தானே ஸ்டீரிங்கைப் புடிச்சுது. ஆளில்லாத ரோட்டுல நாப்பது வரைக்கும் ஏத்தி, ஒரே மிதி. முன் சீட்டுல போய் மோதுனேன். நின்னுருச்சு. மறுபடியும். மறுபடியும். அஞ்சு தரம் அடிச்சுது. ஒவ்வொரு தரமும் எறங்கிப் போய் ரோட்டுல விழுந்த டயர்க் கோடு நேரா இருக்குதான்னு குமிஞ்சு பாத்துச்சு, துணியில கோடு பாக்கற மாதிரியே. நெத்தி வீங்கிப் போயி, "போதும் அம்மிணி, நான் பாஸ்னு சொன்னா பாஸ்தான்"னேன். அது ஆறாவது தரத்துக்கு கியரைப் போட்டுட்டே சொல்லுச்சு: "தச்சவங்க நல்லாருக்குன்னுதான் சொல்லுவாவ அண்ணாச்சி, செக்கிங் பாத்த பெறவுதான் பீஸு நகரும்."

சத்தம் போட்ட வியாழன்

மறுபடியும் அதே மைதானம், அதே வரிசை. புதுக் கட்டை, அதனால மறுபடியும் அதே கீச்சு. ஒவ்வொரு கீச்சுக்கும் முருகேசன் கை தன்னால மேல்பாக்கெட்டுக்குப் போச்சு, காலியா இருக்கறதைத் தொட்டுட்டுக் கீழ வந்துச்சு. யாரும் சிரிக்கலை. அன்னைக்குப் பாத்த டிரைவருங்க எங்க வண்டியைக் கண்டதும் அவங்கவங்க வண்டியை ஓரங்கட்டி எடம் விட்டாங்க. இன்ஸ்பெக்டர் கோட்டுக்குப் பக்கத்துல நிக்கலை, மணல் குமிக்குப் பின்னால போய் நின்னுட்டாரு.

நான் மூலைக்குப் போய் வண்டியைத் திருப்புனேன். இப்ப நிக்கலைன்னா எனக்கு ஒண்ணுமில்லை, நாளைக்கு வேற வண்டி வரும். எட்டுப் பொம்பளைங்களுக்கு வராது. நாப்பது. கோடு. அடிச்சேன்.

கீஈஈச்சுன்னு மைதானமே காதைப் பொத்தற மாதிரி ஒரு சத்தம். வண்டி கோட்டுல நின்னுருச்சு. இந்தப் பக்கமும் இழுக்கலை, அந்தப் பக்கமும் இழுக்கலை. நான் பெடல்ல இருந்து காலையே எடுக்கலை. இன்ஸ்பெக்டர் மெதுவா வந்து, முன் டயருக்கும் கோட்டுக்கும் நடுவுல குமிஞ்சு பாத்தாரு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டு எறங்கச் சொன்னாரு, வண்டியைத் தானே ஒருக்காத் தள்ளிப் பாத்தாரு. அசையலை. சத்தத்துக்கு என்னமோ சொல்லப் போறாருன்னு முந்திட்டு, "சார், புதுக் கட்டைங்க, நாலு நாள்ல அடங்கிரும்"னு இழுத்தேன். அவரு கையெழுத்துப் போட்டுட்டே சொன்னாரு: "சத்தம் போட்டுட்டு நிக்குதுங்க, அது பரவால்ல, செவ்வாக்கிழமை சத்தமில்லாம வந்துச்சு பாருங்க, அதுக்குத்தான் எனக்கு இன்னும் தூக்கம் வரலை."

கேட்டு

வெள்ளிக்கிழமை காலைல சோலியைப் போட்டுட்டுக் கம்பெனி கேட்டுக்கு எதிர்ல இருக்கற டீக்கடையில போய் நின்னுட்டேன். முருகேசன் எனக்கு முன்னாலயே அங்க நின்னுட்டு இருந்தாரு. கீச்சு சத்தம்தான் மொதல்ல வந்துச்சு, வண்டி பின்னால வந்துச்சு. செக்யூரிட்டி கையைக் காட்டி நிறுத்துனாரு. ஆடிட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா காகிதத்தை வாங்கி முன்னாலயும் பின்னாலயும் படிச்சுது, அப்பறம் உள்ள ஏறிக் கதவைச் சாத்தச் சொல்லி, உள்ள இருந்தே ஒரு விரல்ல தள்ளிப் பாத்துச்சு. ஓடுச்சு. ஏழு பொம்பளைங்களும் மூச்சை உட்டது ரோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுச்சு. கேட்டு தொறந்துச்சு, முருகேசன் டீ கிளாஸைப் புடிச்ச கையோட அழுதுட்டாரு, எனக்கும் கண்ணு மங்குச்சு.

பேச்சியம்மா எங்களைப் பாத்துருச்சு. உள்ள நுழையறதுக்கு முன்னால ஜன்னல்ல தலையை நீட்டி, தெருவே கேக்கச் சத்தம் போட்டுச்சு: "அண்ணாச்சி, இனி யாருக்காச்சும் யோசனை சொல்லுததுன்னா மொதல்ல எங்கிட்ட செக்கிங் குடுத்துட்டுச் சொல்லுங்க!"

பழைய வண்டிக்கு வருசத்துக்கு ஒருக்கா எஃப்.சி.ன்னு சட்டம் போட்டவங்க, வண்டியைப் பத்தி யோசனை சொல்ற என்னாட்ட ஆளுங்க வாய்க்கு மாசத்துக்கு ஒருக்கான்னு ஒண்ணு போடாம உட்டுட்டாங்க பாருங்க, அதுதான் இந்தத் தொழில்ல நான் கண்ட ஒரே குறைங்க.